ட்ரோகிர் கதீட்ரலும் மணிக்கோபுரமும்: அரை நாள் போதுமா, அம்மாவும் பையனும் ஏறலாமா?

நீங்க கேட்டிருக்கறது இது: ஜூன்ல குடும்பத்தோட குரோஷியா போறீங்க, ஸ்ப்ளிட்ல மூணு ராத்திரி தங்கறீங்க, பக்கத்துல கடலோரமா இருக்கற ட்ரோகிர் ஊருக்கு அரை நாள் ஒதுக்கலாமா, அங்க உள்ள பழைய கதீட்ரல்ல என்ன பாக்கணும், அதோட மணிக்கோபுரத்துல அறுபது தாண்டின அம்மாவும் எட்டு வயசு பையனும் ஏற முடியுமா. கூடவே உங்க வீட்டுக்காரர் "ஐரோப்பால சர்ச் எல்லாம் ஒரே மாதிரிதான், ஸ்ப்ளிட்லயே ஒண்ணு பாக்கறோமே, அது போதும்"னு சொல்றதாவும் எழுதியிருக்கீங்க.

முதல்ல நேரடி பதில சொல்லிடறேன். கண்டிப்பா போங்க. பையன் ஏறலாம், ஆனா பெரியவங்க ஒருத்தர் கூடவே இருக்கணும். அம்மாவுக்கு முட்டி வலியோ தலைசுத்தலோ கொஞ்சம் இருந்தாலும் ஏத்தாதீங்க, அவங்களுக்கு கீழயே நிறைய இருக்கு. இன்னும் சொல்லப்போனா அந்த கதீட்ரலோட பெரிய பொக்கிஷமே கீழதான் இருக்கு, கோபுரப் படி எதுவும் ஏற வேண்டாம். டூரிஸ்ட்டா வர்றவங்க டிக்கெட் வாங்கின உடனே கோபுரத்துக்கு ஓடி, மேல நின்னு போட்டோ எடுத்து, இறங்கி ஐஸ்க்ரீம் சாப்ட்டு பஸ் ஏறிடறாங்க, வாசல்ல ராதோவான்ங்கற இடைக்காலச் சிற்பி செதுக்கின வேலைப்பாட்ட நிமிர்ந்து கூட பாக்கறதில்ல, எனக்கு அத பாக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமா இருக்கும். அதனால நான் சொல்ற வரிசை வேற: முதல்ல வாசல், அப்புறம் உள்ள, கடைசிலதான் கோபுரம்.

ஊர பத்தி கொஞ்சம். ட்ரோகிர் பழைய ஊர் ஒரு குட்டித் தீவு, ஒரு பக்கம் ஒரு சின்ன பாலம் தாண்டினா மெயின்லேண்ட், இன்னொரு பக்கம் பாலம் தாண்டினா சியோவோங்கற பெரிய தீவு. ஒரு முனைலேர்ந்து இன்னொரு முனைக்கு மெதுவா நடந்தாலே கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும். கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்குல, இன்னைக்கு விஸ்னு சொல்ற தீவுல இருந்த கிரேக்கர்கள் வந்து குடியேறின இடம், அப்போ அதுக்கு த்ராகூரியான்னு பேரு. அப்புறம் ரோமர்கள், பைசாண்டியம், குரோஷிய - ஹங்கேரி ராஜாக்கள், 1420லேர்ந்து 1797 வரைக்கும் வெனிஸ், இப்படி கை மாறிக்கிட்டே வந்திருக்கு, ஆனா தெருவோட அமைப்பு மட்டும் பெருசா மாறல. 1997ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க.

இப்ப நிக்கற கதீட்ரலுக்கு முன்னாடியே அங்க ஒரு சர்ச் இருந்துச்சு, 1123ல சரசென்கள்னு சொல்ற அரபுப் படைக்காரங்க கடல் வழியா வந்து ஊர சூறையாடினப்போ அது போயிடுச்சு. புதுசா கட்ட ஆரம்பிச்சது 13ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல, தெற்குப் பக்க வாசல்ல 1213னு வருஷம் பொறிச்சிருக்காங்க. புனித லாரன்ஸ் பேருல உள்ள சர்ச், ஆனா ஊர்க்காரங்களுக்கு மனசுக்கு நெருக்கமானவர் அவங்க ஊர் பிஷப்பா இருந்த ஜான், 11ஆம் நூற்றாண்டு கடைசிலயும் 12ஆம் நூற்றாண்டு தொடக்கத்துலயும் வாழ்ந்தவர். அவர்தான் ஊரோட காவல் புனிதர், நவம்பர் 14 அவர் திருநாள். மெயின்லேண்ட் பாலம் தாண்டி ஊருக்குள்ள நுழையற வாசல் மேலயும் அவர் சிலைதான் நிக்கும், நீங்க உள்ள போகும்போது ஒரு தடவ தலைய தூக்கி பாத்துக்கோங்க, அப்புறம் கதீட்ரல் உள்ள அவரோட சேப்பல், அதாவது அவருக்குன்னு இருக்கற தனி வழிபாட்டு அறை வரும்போது ஆள் அடையாளம் தெரிஞ்சிடும்.

இப்ப வாசலுக்கு வரேன். மேற்கு பாத்த பெரிய வாசல், அதுக்கு முன்னாடி கூரை போட்ட ஒரு மண்டபம் இருக்கு. உள்ள நுழைஞ்ச உடனே கண்ண கொஞ்ச நேரம் பழக விடுங்க, வெளிய சுண்ணாம்புக்கல் தரைல அடிக்கற வெயில்லேர்ந்து வந்தா முதல்ல ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு பக்கமும் சிங்கம் தெரியும், சிங்கத்துக்கு மேல ஒரு பக்கம் ஆதாம் இன்னொரு பக்கம் ஏவாள், ரெண்டு பேரும் வெறும் உடம்போட, கூச்சத்தோட நிக்கறாங்க. டால்மேஷியா கடற்கரைல அந்தக் காலத்துல இவ்வளவு பெருசா நிர்வாண உருவம் செதுக்கறது சாதாரண விஷயமே இல்ல. கதவுக்கு மேல அரைவட்டமா இருக்கற பலகைல இயேசு பிறப்பு. மேரி படுக்கைல படுத்திருக்காங்க, பக்கத்துல தொட்டில்ல குழந்த, அதுக்குக் கீழ அதே குழந்தைய குளிப்பாட்டறாங்க, ஒரு பக்கம் ஆடு மேய்க்கறவங்க, இன்னொரு பக்கம் குதிரைல வர்ற மூணு ராஜாக்கள். எல்லாம் ஒரே பலகைல நெருக்கமா அடைச்சு வெச்சிருக்கு, ஆனா நெருக்கடியா தெரியாது.

அந்தப் பலகைக்கு கீழ் விளிம்புல லத்தீன்ல ஒரு கல்வெட்டு ஓடுது, அத விட்டுடாதீங்க. இந்த வாசல செஞ்சது ராதோவான், இந்தக் கலைல எல்லாரையும் விட சிறந்தவன், அது இந்த சிற்பங்கள பாத்தாலே தெரியும்னு எழுதியிருக்கு. வருஷத்த எப்படி சொல்லியிருக்காங்கன்னா ஆயிரம், இருநூறு, ரெண்டு தடவ இருபது, அதாவது 1240. அப்போ பிஷப்பா இருந்த த்ரெகுவான் ஃப்ளோரன்ஸ்காரர்னும் அதுலயே வருது. இடைக்காலத்துல சிற்பிங்க பேரு பெரும்பாலும் நமக்கு கிடைக்கறதே இல்ல, எத்தனையோ பெரிய சர்ச்சுகள யார் செதுக்கினாங்கன்னே தெரியாம நிக்குது, இங்க ஒரு ஆள் தன் பேரையும் வருஷத்தையும் போட்டு, "வேலைய பாரு, புரியும்"னு சொல்லிட்டுப் போயிருக்கான். எனக்கு அந்த தைரியம் ரொம்ப பிடிக்கும். அத்தனையும் அவன் ஒருத்தன் கையில்ல, அவனுக்கு அப்புறம் வந்த சிற்பிங்களும் பட்டறை ஆளுங்களும் வாசல முடிச்சாங்க, உத்துப் பாத்தா ஒவ்வொரு கைக்கும் வித்தியாசம் தெரியும், சில முகம் உயிரோட இருக்கும், சிலது கொஞ்சம் விறைப்பா இருக்கும்.

உங்க பையனுக்கு பிடிக்கப்போறது பிறப்புக் காட்சியோ ஆதாம் ஏவாளோ இல்ல, கதவோட ரெண்டு பக்கத் தூண்ல இருக்கற மனுஷங்களும் மிருகங்களும்தான். வருஷத்தோட மாசங்கள வேலையா செதுக்கியிருக்காங்க. ஒருத்தன் பன்னிய வெட்டறான், ஒருத்தன் நெருப்பு பக்கத்துல குளிர் காய்ஞ்சுக்கிட்டு பானைல ஏதோ சமைக்கறான், பின்னாடி சாசேஜ் தொங்குது, ஒருத்தன் திராட்சைக் கொடிய வெட்டி விடறான், ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கறாங்க, தோல் வேல பாக்கறவன் ஒருத்தன். அந்த ஊர்ல 1240 வாக்குல ஒரு வருஷம் எப்படி போச்சுன்னு அப்படியே நம்ம கண்ணு முன்னாடி இருக்கு. பைபிள் கதை தெரியாதவங்களுக்கு கூட இது புரியும், குளிர் மாசத்துல பன்னி, வசந்தத்துல கொடி. இன்னும் கொஞ்சம் தேடினா வேட்டைக்காரங்க, கடல்கன்னி, பாதி குதிரை பாதி மனுஷன், அந்த சிற்பி நேர்ல பாத்திருக்கவே முடியாத தூர தேசத்து மிருகங்கள். கீழ தூண் அடில குனிஞ்சு மொத்த பாரத்தையும் முதுகுல தாங்கற ஆளுங்க. பையன்கிட்ட "எத்தன மிருகம் இருக்கு கண்டுபிடி"ன்னு சொல்லி விட்டுட்டு நீங்க நிம்மதியா பாக்கலாம்.

ஒரு விஷயம், சின்னதா ஒரு பைனாகுலர் இருந்தா எடுத்துட்டு போங்க, இல்லன்னா போன் கேமராவ ஜூம் பண்ணி பாருங்க. மேல இருக்கற விளிம்புகள வெறும் கண்ணால பாத்தா வெறும் அலங்காரம் மாதிரி தெரியும், ஜூம் பண்ணா ஒவ்வொண்ணும் ஒரு ஆள். நம்ம ஊர் கோபுரத்துல கீழ நின்னு பாக்கும்போது கூட்டமா தெரியற பொம்மைங்க, கிட்ட போய் பாத்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை இருக்குமே, அதே மாதிரிதான். 2000க்கு அப்புறம் வாசல முழுசா சுத்தம் பண்ணி பல நூற்றாண்டு அழுக்க எடுத்திருக்காங்க, பழைய புத்தகத்துல உள்ள கறுத்துப்போன போட்டோவ பாத்துட்டு போனா நேர்ல வேற மாதிரி இருக்கும்.

இந்த வாசல்ல வருஷம் பொறிச்சு ரெண்டே வருஷத்துல இந்த ஊருக்கு வந்த ஆபத்த பையனுக்கு சொல்லுங்க, அவன் வாய பொளந்து கேப்பான். 1241ல மங்கோலியர்கள் ஹங்கேரிய அடிச்சு நொறுக்கினப்போ, ராஜா நாலாம் பேலா உயிர் தப்பி தெக்க கடற்கரை பக்கம் ஓடி வந்தாரு. 1242ல குடும்பத்தோட தஞ்சம் புகுந்தது ட்ரோகிர்ல. பின்னாடியே துரத்திட்டு வந்த மங்கோலியக் குதிரைப்படை இந்தத் தீவுக்கு எதிர்க்கரை வரைக்கும் வந்துடுச்சு. ஆனா நடுவுல இருக்கற அந்த சின்ன கால்வாயும் அதோட சேறும் குதிரைய இறங்க விடல. நீங்க பஸ்ல வந்து இறங்கி நடந்து தாண்டற அதே கால்வாய்தான், ரெண்டு நிமிஷம் கூட ஆகாது தாண்டறதுக்கு. கொஞ்ச நாள்ல அந்தப் படை திரும்பிப் போயிடுச்சு, ஊரும் தப்பிச்சுது, புத்தம் புதுசா இருந்த ராதோவானோட வாசலும் தப்பிச்சுது.

மண்டபத்துலயே பக்கத்துல ஞானஸ்நான அறை இருக்கு, 1467ல அந்த்ரியா அலெஷி முடிச்சது. அல்பேனியாவோட துர்ரெஸ் ஊர்லேர்ந்து வந்த சிற்பி. கதவுக்கு மேல இயேசு ஞானஸ்நானம் வாங்கற சிற்பம், உள்ள கல்லுலயே கட்டம் கட்டமா செதுக்கின கூரை. சின்ன அறைதான், அஞ்சு நிமிஷம் போதும், ஆனா ராதோவான் வாசல பாத்த கையோட இத பாத்தா இருநூறு வருஷத்துல கல்லு எவ்வளவு மாறியிருக்குன்னு சட்டுனு தெரியும்.

உள்ள போனா முதல்ல ஒரு இருட்டு, கனமான தூணுங்க, மூணு பகுதியா பிரிஞ்ச கூடம். கனமான சுவரும் அரைவட்ட வளைவும் உள்ள வழக்கமான ரோமனெஸ்க் பாணி கட்டடம், மேல கூரை மட்டும் பின்னாடி, கூர்மையான வளைவு வர்ற கோதிக் பாணில போட்டது. பீடத்து மேல கல் விதானம், எட்டுப்பட்டை பிரசங்க மேடை, 15ஆம் நூற்றாண்டுல மரத்துல செதுக்கின பாடகர் இருக்கைகள், எல்லாம் நல்லா இருக்கும், நேரம் இருந்தா நின்னு பாருங்க. ஆனா உங்க கால் நேரா போக வேண்டியது வடக்குப் பக்கம் இருக்கற ஜான் பிஷப் சேப்பலுக்கு.

இந்த சேப்பல் பத்தி நான் சொல்றத விட அதிகமாவே இருக்கும் நேர்ல. 1468ல ஊர்க்காரங்க ஒப்பந்தம் போட்டு வேலைய கொடுத்தாங்க, ஒப்பந்தத்துல அதே அலெஷி, கூட நிக்கோலோ ஃபியோரெந்தினோங்கற சிற்பி. பின்னாடி இவான் டுக்னோவிச்சும் சில சிலைகள செஞ்சாரு, அவர் இந்த ட்ரோகிர் பக்கத்து ஆளு, ரோம்ல போப்புங்களுக்கும் ஹங்கேரில மத்தியாஸ் ராஜாவுக்கும் வேல பாத்துட்டு வந்தவர். இருட்டான கூடத்துலேர்ந்து உள்ள எட்டிப் பாத்தா திடீர்னு ஒரு வெளிச்சமான வெள்ளைக் கல் அறை, மூணு சுவருலயும் மாடம் மாடமா ஆளுயர சிலைகள், இயேசு, மேரி, அப்போஸ்தலர்கள். மேல வளைஞ்ச கூரைல கட்டம் கட்டமா தேவதைங்களோட முகம், நடுவுல கடவுள் தலைகீழா எட்டிப் பாக்கற மாதிரி இருக்காரு.

எல்லாரும் மேலயே பாத்துட்டு வந்துடறாங்க, நீங்க கீழ, சுவரோட அடிப்பகுதிய பாருங்க. அங்க சின்னச் சின்ன கல் கதவுங்க வரிசையா இருக்கு, எல்லாம் பாதி திறந்த மாதிரி செதுக்கியிருக்காங்க, ஒவ்வொரு கதவு இடுக்குலேர்ந்தும் குண்டுக் கன்னத்தோட ஒரு குழந்த கைல தீப்பந்தம் வெச்சுக்கிட்டு வெளிய வருது. ஒண்ணு அப்பத்தான் கதவ தள்ளுது, இன்னொண்ணு முழுசா வெளிய வந்து நிக்குது. செத்தவங்க உலகத்துக்கும் நம்ம உலகத்துக்கும் நடுவுல இருக்கற கதவு அது, பழைய ரோமர்கள் கல்சவப்பெட்டிங்கள்ல போட்ட அதே யோசனைய எடுத்து, ஒரு கிறிஸ்தவ புனிதரோட கல்லறைக்கு மாத்தி போட்டிருக்காங்க. அதோட அழகு என்னன்னா, பயமே இல்லாம, குழந்தைங்க வெளக்கு எடுத்துக்கிட்டு வந்து வழி காட்டற மாதிரி சாவ யோசிச்சிருக்காங்க. உங்க அம்மாவுக்கு இந்த இடம் ரொம்ப பிடிக்கும்னு நெனைக்கறேன், நீங்களும் பையனும் கோபுரம் ஏறிட்டு வர்ற வரைக்கும் அவங்க இங்க பெஞ்சுல உக்காந்து நிதானமா பாக்கட்டும்.

இப்ப கோபுரம். 47 மீட்டர் உயரம். ஏறறதுக்கு முன்னாடி சதுக்கத்துல கொஞ்சம் தள்ளி நின்னு வெளியிலேர்ந்து பாருங்க, ஏன்னா இது ஒரே காலத்துல கட்டினது இல்ல, கீழேர்ந்து மேல போகப்போக நூற்றாண்டு மாறும். முதல் நிலை கோதிக், சன்னல்ல அலங்காரம் கம்மி, உறுதியா இருக்கும். 1420ல வெனிஸ் படை ஊர பீரங்கியால அடிச்சு பிடிச்சப்போ இந்தப் பகுதி சேதமாகி அப்புறம் சரி பண்ணாங்க. ரெண்டாம் நிலை வெனிஸ் கோதிக், சன்னல் முழுக்க கல்லுல லேஸ் பின்னின மாதிரி வேலைப்பாடு, வெனிஸ்ல கால்வாய் ஓரத்து மாளிகைங்கள பாத்திருந்தா உடனே புரியும். மூணாவது நிலை 16ஆம் நூற்றாண்டு முடிஞ்சு 17ஆம் நூற்றாண்டு ஆரம்பிக்கற நேரத்துல, ப்ராச் தீவுலேர்ந்து வந்த த்ரிஃபுன் பொக்கானிச்ங்கற கொத்தனார் முடிச்சது, அது மறுமலர்ச்சிக் காலத்து பாணி. உச்சில கூம்புக்கு அடில வெனிஸ் சிற்பி அலெஸ்ஸாந்த்ரோ விட்டோரியாவோட நாலு சிலை. கதீட்ரலுக்கு அஸ்திவாரம் போட்ட தலைமுறைக்கும் கோபுரத்துக்கு உச்சி வெச்ச தலைமுறைக்கும் நடுவுல கிட்டத்தட்ட நானூறு வருஷம் ஓடியிருக்கு, ஆனாலும் ஒவ்வொரு காலத்து ஆளும் கீழ உள்ளவன் விட்ட இடத்துலேர்ந்து மரியாதையா எடுத்துட்டு போயிருக்கான், முன்னாடி கட்டினத இடிச்சு தன் பாணிக்கு மாத்தல. ரெண்டு கோபுரம் கட்டறதா இருந்தது, தெற்குப் பக்கத்துது மட்டும்தான் எழுந்துச்சு. அதனாலதான் முன்பக்கம் பாத்தா ஒரு பக்கம் காலியா தெரியும்.

ஏறறது எப்படி இருக்கும்னா, ஆரம்பத்துல குறுகலான கல் படி, படி ஒவ்வொண்ணும் உயரம் ஜாஸ்தி, தேஞ்சு வழுவழுன்னு இருக்கும். மேல போகப்போக இரும்புப் படி, அதுல இடுக்கு வழியா கீழ தெரியும், உயரம்னா பயம் இருக்கறவங்களுக்கு அங்கதான் கஷ்டம். கடைசில ஒரு சின்ன திறப்பு வழியா உடம்ப குறுக்கிக்கிட்டு வெளிய வரணும், பெரிய பேக் மாட்டிக்கிட்டு போனா மாட்டிக்கும். ஏறறவங்க இறங்கறவங்க ரெண்டு பேருக்கும் ஒரே வழிதான், அதனால நடுவுல நின்னு வழி விட வேண்டி வரும். பையன் முன்னாடி ஏறட்டும், நீங்க பின்னாடி. இறங்கும்போது நீங்க முன்னாடி, அவன் பின்னாடி. செருப்பு வேண்டாம், பிடிப்பு உள்ள ஷூ போட்டுக்கோங்க. மழை பேஞ்சிருந்தா ஏறாதீங்க, அந்தச் சுண்ணாம்புக்கல் ஈரமானா காலே நிக்காது. மேல இருக்கும்போது மணி அடிச்சா காது அடைச்சிடும், பையன்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க, திடீர்னு அடிச்சா பயந்துடப்போறான்.

மேல போனா ஊரோட வடிவம் முழுசா புரியும், அதுக்காகத்தான் கடைசில ஏற சொல்றேன். நீங்க நடந்த சந்தெல்லாம் சிவப்பு ஓட்டுக்கு நடுவுல கோடு மாதிரி தெரியும், ஒரு பக்கம் அந்த மங்கோலியர்கள தடுத்த கால்வாய், இன்னொரு பக்கம் படகுங்க கட்டி நிக்கற கடல், எதிர்ல சியோவோ, மேற்கு முனைல வெனிஸ்காரங்க 15ஆம் நூற்றாண்டுல கட்டின கமெர்லெங்கோ கோட்டை. வடக்க திரும்பினா மலை. எவ்வளவு சின்ன இடத்துல எவ்வளவு சரித்திரம் அடைஞ்சு கிடக்குன்னு அப்பத்தான் உறைக்கும்.

கீழ இறங்கினதும் சதுக்கத்துலயே எதிர்ல இருக்கற திறந்த மண்டபத்துக்கு போங்க, அது ஊர் நீதிமன்றமா இருந்த இடம். உள்சுவர்ல 1471ல நிக்கோலோ செஞ்ச புடைப்புச் சிற்பம் இருக்கு, அதோட நடுவுல ஒரு பெரிய காலி இடம். அங்க வெனிஸோட சிறகு வெச்ச சிங்கம் இருந்துச்சு, 1932 டிசம்பர்ல இத்தாலி எதிர்ப்பு கொதிச்சுக்கிட்டு இருந்த சமயத்துல ஊர்ல இருந்த வெனிஸ் சிங்கங்கள உடைச்சுட்டாங்க. அந்த காலி இடத்த ஒரு நிமிஷம் பாருங்க. அரசியல் கோபத்துக்கு கலை பலியாகறது எந்த ஊர்லயும் நடக்கும், கால்வாயும் சேறும் மங்கோலியர்கள்கிட்டேர்ந்து காப்பாத்தின ஊர்ல, உள்ளூர் கையே சுத்தியல் எடுத்திருக்கு.

இப்ப உங்க வீட்டுக்காரர் கேள்விக்கு. ஸ்ப்ளிட் கதீட்ரல் ட்ரோகிர் மாதிரி இல்லவே இல்ல. அது அடிப்படைல டயோக்ளீஷியன்ங்கற ரோமச் சக்கரவர்த்தி தனக்காக கட்டிக்கிட்ட எட்டுப்பட்டை கல்லறை, கிறிஸ்தவர்கள துன்புறுத்தின ராஜாவோட கல்லறையையே பின்னாடி சர்ச்சா மாத்திட்டாங்க. அங்க உள்ள மணிக்கோபுரம் இன்னும் உயரம், 57 மீட்டர், ஆனா 1908 வரைக்கும் நடந்த வேலைல பெரும்பாலும் புதுசா கட்டினது. அங்க நீங்க பாக்க வேண்டியது கதவு, 1214ல அந்த்ரியா புவினா மரத்துல செதுக்கின 28 கட்டம், இயேசுவோட வாழ்க்க முழுக்க. அத பாத்துட்டு மறுநாள் ட்ரோகிர் வந்தா, 26 வருஷ வித்தியாசத்துல, பக்கத்து பக்கத்து ஊர்ல, ஒருத்தர் மரத்துல ஒரே அளவு கட்டம் கட்டமா கதை சொல்றாரு, இன்னொருத்தர் கல்லுல வாசல் முழுக்க ஆளையும் மிருகத்தையும் ஏறி விளையாட விடறாரு. ரெண்டையும் பாத்தவங்க சர்ச் எல்லாம் ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. அவர்கிட்ட புவினா கதவ முதல்ல காட்டுங்க, ட்ரோகிருக்கு அவரே கிளம்பிடுவாரு.

போற வழி ஈஸிதான். ஸ்ப்ளிட்லேர்ந்து 37ஆம் நம்பர் பஸ், ஏர்போர்ட் தாண்டித்தான் போகும், வழில நிறைய ஸ்டாப் இருக்கு, மெதுவா போகும். வெளியூர் பஸ் கிடைச்சா சீக்கிரம் போயிடலாம். சீசன்ல ஸ்ப்ளிட்லேர்ந்து படகும் ஓடுது, பையனுக்காக போகும்போதோ வரும்போதோ ஒரு வழி படகு எடுங்க, கடல்லேர்ந்து அந்தக் கோபுரம் கொஞ்சம் கொஞ்சமா பெருசாகறத பாக்கறது தனி சுகம். இன்னொண்ணு, ஸ்ப்ளிட் ஏர்போர்ட்னு பேரு இருந்தாலும் அது ட்ரோகிருக்குத்தான் பக்கம், அதனால உங்க கடைசி ராத்திரிய ட்ரோகிர்ல போட்டுட்டு காலைல ஃப்ளைட் பிடிக்கறதும் நல்ல யோசனை, டூரிஸ்ட் கூட்டம் போன பிறகு சாயங்காலம் ஊரே உங்களுக்குத்தான். குரோஷியாவுக்குன்னு தனி விசா வேண்டாம், ஐரோப்பால பல நாட்டுக்கும் சேத்து வாங்கற ஷெங்கன் விசாவே போதும், 2023 ஜனவரிலேர்ந்து குரோஷியாவும் அதுல இருக்கு, காசும் யூரோதான்.

ஜூன்ல பகல்ல பஸ் பஸ்ஸா குரூப் வந்து இறங்கும், அதனால காலைல திறக்கற நேரத்துக்கே அங்க இருங்க. தோளும் முட்டியும் மூடற மாதிரி உடுத்திக்கோங்க, இல்ல ஒரு துப்பட்டா கைல வெச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை காலைல பூசை நேரத்துல சுத்திப் பாக்க விட மாட்டாங்க, வேற நாள் போங்க. கட்டணம் சில யூரோதான், சில்லறையா கைல வெச்சுக்கோங்க, டிக்கெட் வாங்கும்போதே கோபுரமும் சேந்ததான்னு கேட்டுக்கோங்க. கதீட்ரலுக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் வெச்சுக்கிட்டா அவசரம் இல்லாம பாக்கலாம். மிச்ச நேரம் இருந்தா புனித நிக்கோலஸ் பெனடிக்டின் கன்னியர் மடத்துல கைரோஸ்ங்கற கிரேக்கக் கடவுளோட பழைய புடைப்புச் சிற்பம் ஒண்ணு இருக்கு, நெத்தில மட்டும் முடி, பின்னாடி வழுக்கை, ஓடிக்கிட்டே இருப்பான், நல்ல சமயத்தோட கடவுள், முன்னாடி வரும்போதே பிடிக்கணும், தாண்டிட்டா பிடிக்க முடியாது. மடம் எப்பவும் திறந்திருக்காது, கதவு திறந்திருந்தா உள்ள போயிடுங்க.

இன்னொரு நாள் மிச்சம் பிடிக்க முடிஞ்சா வடக்க ஷிபெனிக் போங்க, பஸ்லயே போயிட்டு சாயங்காலம் திரும்பிடலாம். அங்க உள்ள கதீட்ரல 1441லேர்ந்து யூராய் டால்மாதினாட்ஸ் எடுத்து கட்டினாரு, அவருக்கு அப்புறம் அதோட கல் கூரையையும் குவிமாடத்தையும் எழுப்பினவர் நம்ம ட்ரோகிர் சேப்பல்ல பாத்த அதே நிக்கோலோ. மரச்சட்டம் எதுவும் இல்லாம கல் பலகைகள ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொருத்தியே கூரைய முடிச்சிருக்காரு. வெளிச்சுவர சுத்தி ஊர்க்காரங்க முகமா வரிசையா செதுக்கின தலைங்க இருக்கு, 70க்கு மேல, பையனுக்கு எண்ணறதுக்கு அங்கயும் வேல இருக்கு, அம்மாவும் கீழ நின்னே பாக்கலாம்.